மருதப்பன் சொன்னதன் மொழிபெயர்ப்பு

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. மாரிசெல்வி கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள், இப்போது சென்னையில் வேலை. போன மாதம் சங்கரன்கோவிலில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. கூச்சப்பட வேண்டிய விஷயத்தைக் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

"நீ கதை எழுதுதவதானட்டி, இத எழுது," என்றாள். "ஆனா ஒண்ணு. என்னைய நல்லவளா ஆக்கிராத."

சரி என்றேன். அது எவ்வளவு சிரமம் என்று அப்போது தெரிந்திருந்தால்...

2

"கரிவலம்வந்தநல்லூருக்கு மேற்கே, மலையைப் பார்த்த புல்வெளியில், ஒரு கல்கவுதாரி..." வேண்டாம். பறவையில் தொடங்கினால் கதை அழகாகிவிடும்.

"ஏழைக் குடும்பத்தில் பிறந்தாலும் மாரிசெல்வி..." இதுவும் வேண்டாம். அந்தப் 'பிறந்தாலும்' அவளை இப்போதே மன்னிக்க ஆரம்பித்துவிட்டது.

நேராகவே சொல்கிறேன். எங்கோ ஓரிடத்தில் இயற்கையைக் கெடுக்கும் பெரிய கம்பெனிகள், அதற்கு ஈடாக இன்னோரிடத்தில் இயற்கையைக் காப்பாற்றப் பணம் தருகின்றன. அந்தப் பணத்துக்கு இடம் தேடிக் கொடுப்பது மாரிசெல்வியின் அலுவலகம். இப்படி வரும் பணத்துக்குப் பசுமை நிதி என்று பெயர். அவள் தேடிக் கொடுத்த இடம், தன் சொந்த ஊரின் மேய்ச்சல் காடு. புல்வெளிப் பறவைகளுக்காக அதைச் சுற்றி வேலி போட்டார்கள்.

(அவள் இதை நம்பித்தான் செய்தாள். இந்த வரியை மட்டும் அவளைக் கேட்காமல் சேர்த்திருக்கிறேன்.)

ஆட்டுக்காரர்கள் முதலில் சம்மதிக்கவில்லை. சம்மதிக்க வைத்தவர் மருதப்பன், அவளுடைய தாய்மாமா. அப்பா இல்லாத அவளை வளர்த்தவர். அவருக்கும் அங்கேதான் மந்தை. "எம் மருமவ படிச்சவ. நமக்குக் கெடுதல் வாற மாதிரி செய்வாளா?" என்று வீடு வீடாகப் போய்ப் பேசினார். கொஞ்ச நாளில் ஆடு மேய வேலியை ஒரு பக்கம் திறந்துவிடுவோம் என்று மாரிசெல்வி அவரிடம் சொல்லியிருந்தாள். அவளிடம் அப்படிச் சொன்னது அலுவலகம். யாரும் திறக்கவில்லை. ஆடுகளை அறுவடை முடிந்த வயல்களைத் தேடி வெகுதூரம் ஓட்ட வேண்டியிருந்தது. பலர் மந்தையையே விற்றார்கள்.

3

இனி அந்தக் காலைப்பொழுது. பணம் கொடுத்தவர்கள் வெளிநாட்டிலிருந்து பார்க்க வந்தார்கள். ஊர்க்காரர் ஒருவர் பேசினால் நன்றாயிருக்கும் என்றார்கள். மருதப்பன் மாமா வெள்ளைச் சட்டை போட்டு வந்து வேலி ஓரம் நின்றார். மாரிசெல்விதான் மொழிபெயர்ப்பு.

மாமா சொன்னது இது:

"மந்தையில பாதி போச்சுய்யா. மிச்சத்த வச்சுக்கிட்டு வெயில்ல அலையுதோம். எம் மருமவ சொன்னான்னுதான் ஊரே சம்மதிச்சுது. இப்ப என்னையத்தான் எல்லாரும் கேக்காங்க. ஒரு பக்கமாவது தொறந்து விடுங்க."

மாரிசெல்வி ஆங்கிலத்தில் சொன்னது இது:

"எங்கள் நிலம் மறுபடி மூச்சு விடுகிறது. இதைச் சாத்தியமாக்கியவள் என் மருமகள் என்பதில் எனக்குப் பெருமை."

(நல்ல வாக்கியம். நான் எழுதியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அதுதான் உறுத்துகிறது.)

வந்தவர்கள் கை தட்டினார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாமா அவள் பக்கம் குனிந்தார். "நான் சொன்னதுக்கு எதுக்கு மக்கா கை தட்டுதாங்க?"

"நல்லாப் பேசுனீங்கன்னு மாமா."

அவர் முகம் மலர்ந்தது. அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். "அப்ப தொறந்துருவாங்க, என்ன?"

4

இந்த இடத்தில் நான் ஏமாற்றப் பார்த்தேன். ஒரு பிரதியில் அவளுக்குக் கொடுமைக்கார மேலாளர் ஒருவரை வைத்தேன். இன்னொன்றில், அவள் பாதியில் நிறுத்தி, உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அதைப் போனில் வாசித்துக் காட்டினேன்.

"அது நான் இல்லட்டி," என்றாள்.

"பெறகு ஏன் அப்பிடிச் சொன்ன? பயமா?"

"பயமெல்லாம் இல்ல. அவ்வளவு தூரத்துல இருந்து வந்துருக்காங்க, சந்தோசமா நிக்காங்க. அவங்க மூஞ்சி வாடிப் போயிருமேன்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

"மாமா மூஞ்சி?"

அவள் போனை வைத்துவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது என்று எனக்கும்...

5

அந்த ஆங்கில வாக்கியம் மாமாவின் படத்தோடு கம்பெனியின் இணையப் பக்கத்தில் வந்தது. அதைக் காட்டி, அலுவலகம் பக்கத்து ஊர் மேய்ச்சல் காட்டையும் கேட்டது. கடையநல்லூர் ஆட்டு வியாபாரி நியாஸ் அகமது அதை மாமாவுக்குப் படித்துத் தமிழில் சொன்னார். மாமா உடனே மாரிசெல்விக்குப் போன் போட்டார்.

"மக்கா, நான் சொன்னத அந்த வெள்ளக்காரங்க மாத்திப் போட்டுட்டாங்க. நீ சரியாத்தான் சொல்லிருப்ப. இங்கன பக்கத்து ஊர்க்காரங்க என்னைய அடிக்க வாராங்க. நீ வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."

அதற்காகத்தான் போன மாதம் அவள் ஊருக்கு வந்திருந்தாள். போகிற வழியில்தான் என் வீடு. என்னையும் கூட வரச் சொன்னாள்.

6

பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் இரண்டு ஊர்க்காரர்களும் நின்றார்கள். மாமா நடுவில். ஒருவர் அவர் சட்டையைப் பிடித்திருந்தார்.

மாரிசெல்வி சொன்னாள்: "வெள்ளக்காரங்க மாத்தல. மாமா தொறந்து விடத்தான் சொன்னாங்க. நான்தான் மாத்திச் சொன்னேன்."

(இதை வைத்து அவளை நல்லவளாக்கிவிடலாம் என்று என் கை பரபரத்தது. "மாமாவ அடிக்கப் போறாங்கட்டி, வேற என்ன செய்ய," என்று பிறகு அவளே அதைக் கெடுத்தாள்.)

சட்டையைப் பிடித்த கை தளர்ந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு பெண் காறித் துப்பினாள். அப்போது மாமா முன்னால் வந்து, கூட்டத்துக்கும் அவளுக்கும் நடுவில் நின்றார்.

"அவ பொய் சொல்லுதா," என்றார். "கம்பெனிக்காரன் சொல்லிக் குடுத்தத ஒப்பிக்கா. எம் மருமவ அப்பிடிச் செய்யமாட்டா."

கூட்டம் கலைந்தது. பக்கத்து ஊர் தன் காட்டைக் கொடுக்க மறுத்துவிட்டது. இந்த ஊர் வேலி அப்படியே நிற்கிறது. மாரிசெல்வி வேலையை விடவில்லை. அதையும் எழுதச் சொன்னாள்.

7

திரும்பும் பஸ்ஸில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மாமா நான் சொன்னத நம்பல, என்ன? இல்ல, நம்பிட்டாங்களா?"

நம்பவில்லை என்று ஒரு முடிவு எழுதினேன்: இன்னும் அவளை நல்லவள் என்றே நினைக்கிறார், அதை அவள் ஆயுசுக்கும் சுமக்க வேண்டும். நம்பினார் என்று இன்னொன்று: எல்லாம் தெரிந்தே, ஊர் துப்பாமல் இருக்கக் குறுக்கே வந்து நின்றார். எதில் அவளுக்கு வெட்கம் அதிகம் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் அடித்துவிட்டேன்.

நான் அங்கேதான் நின்றேன். என் காதால் கேட்டேன். ஆனால் அவர் அதைச் சொன்ன குரலை எழுத எனக்கு வரவில்லை. நீங்களே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

"எம் மருமவ அப்பிடிச் செய்யமாட்டா."