இரண்டு முறை வாசிக்கப்படும்

எனக்கு இங்கிலீஷ் படித்தால் புரியும். எழுதினால் பிழை வராது. எங்கள் ஜெயம்மாள் டீச்சர் பேசினால் ஒரு சொல் விடாமல் பிடிப்பேன், ஏனென்றால் அவர் ஆம்பூர்க்காரர், இங்கிலீஷையும் ஆம்பூர் இழுப்பில்தான் பேசுவார். வெள்ளைக்காரர் வாயைத் திறந்தால்தான் ஒன்றும் விளங்காது.

மெட்ராஸ் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள் சீமையிலிருந்து வந்த துரைசானிகள். அவர்கள் பேசுவது புரியாதவளை இலவசமாகச் சேர்த்துக்கொண்டு என்ன பயன் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். அதனால் அந்த வருஷம் உதவிச் சம்பளத் தேர்வில் புதிதாக ஒரு தாள் வைத்தார்கள். ஒரு துரைசானி எதிரே நின்று ஒரு பக்கம் வாசிப்பார். இரண்டு முறை வாசிக்கப்படும். வாசிக்கும்போது பேனாவைத் தொடக் கூடாது. வாசித்து முடித்தபிறகு, கேட்டதன் சாரத்தை நம் சொந்த வாக்கியங்களில் எழுத வேண்டும்.

எங்கள் சேரியில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை முடித்தவள் நான் ஒருத்திதான். தேறாவிட்டால் தோல் கம்பெனி. அம்மா சவுரியம்மாள் அங்கே ஆபீஸ் கூட்டினாள். அண்ணன் சின்னப்பன் தோல் சுமந்தான். அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்றே போய்ச் சேர்ந்தார். எனக்கும் அங்கே ஓர் இடம் காலியாகத்தான் இருந்தது.

வெள்ளைக்காரர் பேச்சைக் கேட்டுப் பழக ஆம்பூரில் ஒரே இடம்தான் உண்டு. சனிக்கிழமைதோறும் மெட்ராஸிலிருந்து ஒரு துரை வருவார். தோலை வாங்கி லண்டனுக்குக் கப்பல் ஏற்றுகிறவர். அவரும் கம்பெனி மானேஜர் துரையும் மத்தியானம்வரை உட்கார்ந்து பேசுவார்கள். அவர்கள் அறைக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். அம்மா தாழ்வாரத்தைக் கழுவும்போது தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் நானும் உட்காரலாமா என்று பெரிய கிளார்க் பஞ்சாட்சரத்திடம் கேட்டேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எனக்கே பாதிதான் புரியுது. உனக்கு இன்னா புரியப்போவுது? உக்காந்து கேளு, போ. ஆனா கேட்டது காதோட போவணும். வெளியில போச்சுன்னா உங்கம்மா தொடப்பமும் போயிடும். தெரியுதா?"

"தெரியுதுங்க ஐயா."

முதல் நான்கு சனிக்கிழமை வெறும் சத்தம். மெட்ராஸ் துரை சுருட்டைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார். மானேஜர் வாக்கியத்தின் வாலை விழுங்கிவிடுவார். ஐந்தாவது வாரம் விலை, மழை, கப்பல் என்று சொற்கள் தனித்தனியாகத் தெரிந்தன. ஏழாவது வாரம் வாக்கியங்கள். அங்கே எதையும் இரண்டு முறை வாசிக்க மாட்டார்கள், ஒரே முறைதான். அதுவும் நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் கேட்டதை நோட்டில் எழுதுவேன்.

"வந்துட்டாங்கடா இங்கிலீஷ்காரம்மா! இன்னா, துரைங்க இன்னிக்கு என்னைப் பத்தி எதுனா பேசிக்கினாங்களா?" என்பான் அண்ணன்.

"உன் பேரே அவங்களுக்குத் தெரியாது."

"தெரியாத வரைக்கும் நல்லதுதான், உடு."

எட்டாவது சனிக்கிழமை. தேர்வு அடுத்த வெள்ளி. அன்றைக்கு ஒரு சொல் தப்பவில்லை. மூங்கில் தட்டியே இல்லாததுபோல் எல்லாம் தெளிவாகக் கேட்டது. சுருட்டு கூட இடைஞ்சலாக இல்லை. இருவரும் பேசி முடித்தபோது நான் நனைந்த கையோடு உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். "இன்னாடி ஆச்சு?" என்றாள் அம்மா. "எல்லாம் புரிஞ்சிது அம்மா. எல்லாமே!"

வீட்டுக்கு ஓடினேன். ஒரே மூச்சில் இங்கிலீஷில் எழுதினேன். தமிழில் சொன்னால் இதுதான்:

*அணைக்கட்டுப் பக்கம் மாடுகள் நோய் கண்டு இறந்தன. தோலை உரிக்காமல் புதைக்கும்படி உத்தரவு. ஆனாலும் உரித்துவிட்டார்கள். நாற்பது கட்டுகள் மலிவாக வந்துள்ளன. லண்டனில் தெரிந்தால் கப்பலோடு திருப்பி அனுப்புவார்கள் என்று ஒருவர் கவலைப்பட்டார். பதப்படுத்திய பின் யாருக்கும் தெரியாது என்றார் மற்றவர். வேறோர் ஊரில் இப்படிப்பட்ட தோலைச் சுமந்த இருவர் செத்தார்கள். கழுத்தில் ஒரு கொப்புளம், வலி இருக்காது, நடுவில் கறுக்கும், சில நாளில் முடிந்துவிடும். ஆட்களிடம் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். சொன்னால் யாரும் தொடமாட்டார்கள் என்றார் மற்றவர். திங்கட்கிழமை இருபது கட்டுகளும் அதற்கடுத்த திங்கட்கிழமை இருபது கட்டுகளும் பிரிக்கப்படும். பிறகு தேநீர் குடித்தார்கள்.*

இதைப் புரியாமல் எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். புரிந்துதான் எழுதினேன். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. எட்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் இதைத்தான் பழக்கியிருந்தார்கள். பாடத்தில் பஞ்சம் வரும், கப்பல் மூழ்கும், ஊர் எரியும். எந்த மாணவியும் எழுந்து ஓடி யாரையும் எச்சரிப்பதில்லை. கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போவாள். நானும் எழுதி முடித்து மை காயட்டும் என்று ஊதினேன். பக்கத்தில் அண்ணன் கேழ்வரகுக் களியைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை நோட்டை ஜெயம்மாள் டீச்சரிடம் கொடுத்தேன். சிவப்பு மையால் மூன்று இடத்தில் திருத்தினார்.

"இது எந்தப் புஸ்தகத்துல இருந்து?"

"காதால கேட்டது டீச்சர். கம்பெனில."

"நல்ல பாசேஜ் மேரி. இந்த மாதிரிதான் வைப்பாங்க. சாரத்த ஒண்ணு விடாம புடிச்சிட்ட. கடைசி வரிதான் சப்புன்னு முடியுது. தேநீர் எதுக்கு? அது சாரத்துல வராது."

பத்துக்கு எட்டு போட்டு, பக்கத்தின் தலையில் வட்டம் கட்டினார். அதே நேரத்தில் கம்பெனிக் கிடங்கில் முதல் இருபது கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர்மேல் எனக்குக் கோபம் உண்டு. என்மேல் இருப்பதைவிடக் கொஞ்சம் கம்மி.

வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணன் சட்டையைக் கழற்றிக் குளிக்க நின்றான். நான் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். வலது பக்கம் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில், தோலைச் சுமக்கிற இடத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கொப்புளம். சுற்றிலும் வீக்கம். நடுவில் கறுப்பு.

சொம்பைக் கீழே வைத்தேன்.

"வலிக்குதாண்ணே?"

"த்சே. எறும்பு கடிச்சாப்புல கூட இல்ல. ரெண்டு நாளா இருக்குது."

உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தேன். என் கையெழுத்தில், என் இங்கிலீஷில், சிவப்பு மையில் ஒரு திருத்தத்தோடு அந்த வரி இருந்தது. தமிழில் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அடைப்பான் வந்து செத்த மாட்டுத் தோலா?"

"ஆமாண்ணே."

"என்னிக்கு எழுதன இத?"

"சனிக்கெழம."

"நான் எங்க இருந்தேன் அப்போ?"

"பக்கத்துல. சாப்ட்டுக்கினு இருந்த."

துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் முதல் ரயிலில் இருவரும் கிளம்பினோம். ஆஸ்பத்திரியும் தேர்வும் வேலூரில்தான். அதற்குள் வீக்கம் தாடைவரை ஏறிவிட்டது. தலையைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் துரைசானி கொப்புளத்தைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்து நர்சைக் கூப்பிட்டார். நான் நோட்டை விரித்து இங்கிலீஷில் வாசித்தேன். அவர் கேட்டார். நான் இங்கிலீஷில் வாசித்து ஒரு வெள்ளைக்காரி கேட்டது அதுதான் முதல் முறை.

மருந்து மெட்ராஸிலிருந்து வரவேண்டும் என்றார். தந்தி அடிக்கிறேன், மாவட்ட அதிகாரிக்கும் எழுதுகிறேன், நோட்டைப் பத்திரமாக வைத்துக்கொள் என்றார். மணி ஒன்பதரை. பத்துக்குத் தேர்வு.

"போ," என்றான் அண்ணன்.

"போவ மாட்டேன்."

"போவாட்டி எனக்குப் பேஜார். உன்னால இங்க ஒண்ணும் ஆவப்போறதில்ல. போய் ஒழுங்கா கேளு."

போனேன். துரைசானி வாசித்தார். பனியில் வழிதவறிய ஓர் ஆட்டுக்குட்டியை மேய்ப்பனின் நாய் தேடிக் கண்டுபிடித்த கதை. இரண்டு முறை வாசித்தார். ஒன்று விடாமல் எழுதினேன். ஆட்டுக்குட்டி பிழைத்துக்கொண்டது. அந்தத் தாளில் எனக்கு முழு மார்க்கு என்று பிற்பாடு தெரிந்தது.

திரும்பி வந்தபோது அண்ணனைத் தனிக் கொட்டகையில் போட்டிருந்தார்கள். வாசலில் நின்றுதான் பார்க்கலாம். அவனோடு கட்டுப் பிரித்த துரைசாமியும் பக்கத்துக் கட்டிலில் கிடந்தான்.

சனிக்கிழமை அந்த மாவட்ட அதிகாரி கம்பெனிக்கு வந்து என்னை அழைத்தார். தட்டிக்கு அந்தப் பக்கம் நான் நின்றது அன்றைக்குத்தான். மானேஜர் துரை மேஜைக்குப் பின்னால் இருந்தார். பஞ்சாட்சரம் ஓரமாக நின்றார். அதிகாரி ஒரு தமிழர், கோட்டு போட்டவர். நோட்டை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"இந்தச் சிவப்பு மை யாருடையது?"

"எங்க டீச்சருடையது."

"பத்துக்கு எட்டு. பரவாயில்லையே." சிரித்தார். மானேஜர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ஏதோ என்ன, எனக்குத் தெளிவாகவே புரிந்தது. பள்ளிக்கூடத்துப் பெண்ணின் கட்டுரைக்காகக் கம்பெனியை நிறுத்த வேண்டுமா என்று கேட்டார்.

"பஞ்சாட்சரம், இந்தப் பெண் இங்கே உட்கார்ந்து கேட்டதுண்டா?"

பஞ்சாட்சரம் என்னைப் பார்க்கவில்லை. தாழ்வாரத்தில் துடைப்பத்தோடு நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"கூட்டறவ பொண்ணுங்க. தண்ணி எடுத்துக் குடுக்க வரும். துரைங்க பேசறது எனக்கே பாதிதான் புரியும். இதுக்கு எப்பிடிங்க?"

"அப்ப நானே கத கட்டிட்டேனா ஐயா? எங்கண்ணன் கழுத்துல இருக்கறதும் நான் எழுதுனதுதானா?"

"சின்னப் பொண்ணு. அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல, ஏதோ பேசுது," என்றார் பஞ்சாட்சரம்.

கிடங்கைத் திறந்து பார்க்கச் சொன்னேன். சாவி மேஸ்திரியிடம் இருக்கிறது, மேஸ்திரி வேலூர் போயிருக்கிறார் என்றார்கள். அதிகாரி எழுந்து கோட்டைச் சரிசெய்தார். விசாரிக்க வந்தது பற்றி ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார். நோட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "நன்றாகப் படி," என்றார்.

ஞாயிறு விடியற்காலை அண்ணன் போய்விட்டான். மருந்து சனிக்கிழமை சாயங்காலமே வந்திருந்தது, போட்டுமிருந்தார்கள். உடம்பை ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது என்று வேலூரிலேயே ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தார்கள். மாட்டைப் புதைக்கச் சொன்ன மாதிரியே. அம்மா வாய்விட்டு அழவில்லை. ரயிலில் ஒரே ஒரு முறை, "அன்னிக்கு அப்பிடிச் சிரிச்சியேடி," என்றாள்.

திங்கட்கிழமை மிச்சம் இருபது கட்டு.

ஐந்தரை மணிக்கே கம்பெனி வாசலில் போய் நின்றேன். சங்கு ஊதுமுன் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள், நாற்பது ஐம்பது பேர். நோட்டை விரித்தேன். தமிழில், உரக்க, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். இரண்டு முறை. தேநீர் குடித்ததையும் விடவில்லை.

கிடங்கு மேஸ்திரி அஹமது பாஷா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"சின்னப்பன் தங்கச்சியாம்மா நீ?"

"ஆமா பாய். சனிக்கெழம நீங்க வேலூர் போனீங்களா?"

"நானா? கிடங்கு வாசல்லயேதான் உக்காந்திருந்தேன். யாரும் வந்து சாவி கேக்கலியே."

சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார். உள்ளே போய்ப் பஞ்சாட்சரத்தின் மேஜையில் போட்டுவிட்டு வந்து கேட்டுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்தார். "வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்க," என்றார். அவரைச் சுற்றி மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். சங்கு ஊதியது. யாரும் எழவில்லை. அன்றைக்குக் கட்டு பிரிக்கப்படவில்லை.

கதை என்றால் இங்கே நிறுத்தலாம். நான் நிறுத்தப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை காவேரிப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு லாரி வந்தது. பின்னால் முப்பது பேர் நின்றிருந்தார்கள். ஏரி வறண்டு வேலை இல்லாதவர்கள், தோலையே தொட்டு அறியாதவர்கள். தலையில் துண்டு, சட்டை இல்லாத வெறும் கழுத்து. எங்களைக் கண்டதும் டிரைவர் வேகத்தைக் கூட்டினான். கேட்டைத் திறந்துவைத்து இரண்டு போலீஸ்காரர்கள் காத்திருந்தார்கள்.

நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லாரியோடு ஓடினேன். ஓடிக்கொண்டே வாசித்தேன். ஒருவன் குனிந்து, காதுக்குப் பின்னால் கையை வைத்து, "இன்னாம்மா சொல்ற?" என்று கத்தினான். கழுத்தில் கொப்புளம் என்கிற இடம்வரை வந்திருந்தேன். கேட்டை இழுத்துச் சாத்தினார்கள்.

ஒரு முறைகூட முழுதாக வாசிக்க முடியவில்லை.