லேபிள் படித்து இறக்கிய கதை

மருந்தடித்த மறுநாள் காலை ஏழேகால் மணிக்குத் தக்காளி பறிக்கப் போனவள் வரப்போரமாக எட்டடி உயரத்தில் நின்றாள். காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. கையில் கூடை இருந்தது, கூடையில் ஆறு பழங்கள் இருந்தன.

அவள் கணவருக்கு ஊரில் ‘இன்னொரு மூடி’ என்று பெயர். எந்தப் பூச்சிமருந்தானாலும் டேங்கில் அளந்து ஊற்றிவிட்டு, “எதுக்கும் இருக்கட்டும்” என்று இன்னொரு மூடி ஊற்றுவார். பதினோரு வருடமாக ஒரு லேபிளைக்கூடப் படித்ததில்லை. படிக்கத் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம், பேப்பரின் தலைப்புச் செய்திகளைத் தெருவுக்கே கேட்கும்படி வாசிப்பவர். தலைப்பை மட்டும் ஏன் வாசிக்கிறார் என்று யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான். மருந்தடிக்கும் பருவத்தில் மனைவிக்குத் தலைவலி வந்துவிடும். அந்தப் பழியை அவர் வெயில்மேல் போட்டுவிடுவார்.

ஊரார் கூடி ஏணி கொண்டுவந்தார்கள். அவள் ஏணிக்கு மேல் ஓரடி போனாள், ஏணியை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்தாள். பூச்சிமருந்துக் கடைக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார். அவருக்கு இது புதிதல்ல, வருடத்துக்கு இரண்டு பேராவது மிதப்பார்கள். மருந்தடித்தவரே லேபிளை ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்தால் இறங்கிவிடுவாள் என்றார். இன்னொரு மூடி பாட்டிலை மூக்கருகே பிடித்தார், பிறகு கை எட்டும் தூரம் தள்ளிப் பிடித்தார், பிறகு வியர்த்துப்போனார்.

“கண்ணு தெரியலம்மா எனக்கு. பொடி எழுத்தப் பாத்தே பல வருஷமாச்சு.”

மேலே அவள் சிரித்த சிரிப்பில் கூடையிலிருந்து மூன்று பழங்கள் விழுந்தன. “இத சொல்ல வைக்க நான் இவ்ளோ உயரம் ஏறணுமா?”

கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி அவர் மூக்கில் மாட்டினார். கையுறையும் முகமூடியும் அணிய வேண்டும் என்று படித்ததும் அவள் அரையடி இறங்கினாள். மருந்தடித்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குத் தோட்டத்தில் நுழையக் கூடாது என்பதற்கு முழுசாக ஓரடி. அளவு எழுதிய வரியை அவர் இரண்டு முறை தேடிப் பார்த்தார், அதில் இன்னொரு மூடி எங்கேயும் இல்லை. அதற்கும் ஓரடி. காலி பாட்டிலை மூன்று முறை கழுவி ஓட்டை போடச் சொன்ன இடத்தில் கூட்டம் கைதட்டியது. அடுத்த வரியில் அவர் குரல் நின்றுவிட்டது. பருத்திக்கு மட்டும், வேறு பயிருக்கு அடிப்பது சட்டப்படி குற்றம் என்று போட்டிருந்தது.

தக்காளி ஏற்ற வந்த வியாபாரியின் லாரி பக்கத்திலேயே எஞ்சினை அணைக்காமல் நின்றது. அந்த ஒரு பறிப்பை நம்பித்தான் அவர்களுடைய வருடமே இருந்தது. இன்னொரு மூடி இருமினார், வரியைத் தாண்டினார். மனைவி விருட்டென்று பதினோரடிக்குப் போய்விட்டாள். ஒரு செருப்பு லாரிமேல் விழுந்தது.

“என்னங்க, எதையோ முழுங்குறீங்க. எனக்குத் தலை சுத்துது.”

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. வெடிப்பு விழுந்த அந்தப் பாதங்களைக் கீழேயிருந்து பார்த்தார். இவள் இல்லாமல் தக்காளியை வைத்து என்ன செய்வது! விட்ட வரியைத் தலைப்புச் செய்தி மாதிரி கத்திப் படித்தார். வியாபாரி லாரியைத் திருப்பினார். தலை சுற்றினால் பாட்டிலோடு டாக்டரிடம் போகச் சொல்லும் கடைசி வரி முடிந்தபோது அவள் வரப்பில் நின்றாள். சோப்புப் போட்டுக் குளித்து, வேறு துணி உடுத்திக்கொண்டு, அந்த வரி சொன்னபடியே பாட்டிலோடு போனார்கள்.

தோட்டம் காயோடு அழிக்கப்பட்டது. அழிக்கும்போது இருவரும் அழுதார்கள், அந்தச் செருப்பு லாரியோடு போய்விட்டது நினைவுக்கு வந்ததும் சிரித்தார்கள். தலைவலி அதன்பிறகு வரவில்லை. வீட்டுக்கொன்று, தோட்டத்துக்கொன்று, சட்டைப்பைக்கொன்று என்று கண்ணாடி வாங்கியதில் அவர் பெயரும் ‘மூணு கண்ணாடி’ என்று மாறிவிட்டது. இப்போதெல்லாம் சீல் உடைக்காத பாட்டில் வீட்டுக்கு வந்தாலே அவள் கூரை உயரத்துக்குப் போய்விடுகிறாள். அவர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து படிப்பார். கடைசி வரிக்கு முன்னால் மட்டும் அவள் “கொஞ்சம் இருங்க” என்பாள். ஓட்டின்மேல் கிடக்கும் சருகையெல்லாம் தள்ளிவிட்டு, “ம், படிங்க” என்பாள். அவர் படிப்பார்.