துண்டு செருகிய பியானோ

"டெக்னோவை உன் பியானோவுல வாசிக்கவே முடியாதுக்கா" என்று தம்பி கௌஷிக் ஹம்ஸினியைக் கேலி செய்துகொண்டே இருப்பான். மாதாப்பூரில் ஐ.டி. வேலை முடிந்து வந்தால் அவனுக்குக் கம்ப்யூட்டரும், அதில் அவன் போடும் அந்த எலெக்ட்ரானிக் இசையும்தான்.

அவன் ஸ்கூட்டர் விபத்தில் போன பிறகு, ஹம்ஸினி அவனுடைய துண்டை மடித்துப் பியானோவின் கனத்த தந்திகளோடு ஒட்டிச் செருகினாள். இடது கை அடிக்க அடிக்க, டிரம் போலத் தும் தும்மென்று அல்வாலில் இருந்த வீடே அதிர்ந்தது.

மாமா ஓடி வந்தார். "அவன் போய் வருஷாப்தீகம்கூட ஆகலை, அதுக்குள்ள வீட்டுல பாட்டா? பியானோவை மூடுடி!"

"மூட மாட்டேன் மாமா. இது அவன் போட்ட பாட்டு."

"சாவித்ரி, உன் பொண்ணுக்குச் சொல்லு!"

அம்மா தெருப்பக்க ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். "நக்கோ, வேண்டாம் அண்ணா. அவ வாசிக்கட்டும்."

ஹம்ஸினி வேகத்தைக் கூட்டினாள். "முடியாதுன்னியேடா கௌஷிக்" என்றாள். "இப்பக் கேளு."