முதலில் ஹஸன் நாநாவுக்கு

ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில், கடலுக்குப் போனவர்களின் செய்தியை வீட்டாருக்கு அனுப்பும் கிண்ணியா மீனவர் சங்கத்து ஆப்பின் நிரலைத் திறந்ததும் சப்ரினா தலையில் கைவைத்தாள். சேர்வரிலிருந்து வரும் ஜேசன் கோப்பில் படகுக்குள் ஆட்கள், ஒவ்வோர் ஆளுக்குள்ளும் அவன் வீட்டார் என்று பெட்டிக்குள் பெட்டியாகத் தகவல் இருக்கும். வேலையை விட்டு டோஹாவுக்குப் போய்விட்ட றஊப், அந்தத் தகவலை வாங்கிவைக்கும் அச்சாகப் படகுக்காரருக்கு ஒரு கிளாஸ், ஓட்டிக்கு ஒன்று, கூட வருகிறவனுக்கு ஒன்று, வீட்டாருக்கு ஒன்று என்று எழுதிக் குவித்திருந்தான். எதைத் திறந்தாலும் அதே பெயர், அதே போன் நம்பர்!

“இந்த மனுசனுக்கு வேற வேலை இல்லையா?” என்று முணுமுணுத்தவள், எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு ‘ஆள்’ என்று ஒரே கிளாஸை எழுதி எல்லா இடத்திலும் அதையே போட்டாள். ஆப் ஒரு பிழையும் காட்டாமல் ஓடியது. கெட்டிக்காரிதான், யார் இல்லையென்றது?

ஆனால் வீட்டாருக்கான கிளாஸில் மட்டும் ‘முதலில் யாருக்கு’ என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது. அவசரத்தில் அவள் அதைப் பார்க்கவேயில்லை. கிளாஸில் இல்லாததை ஆப்பும் தேடாது, பேசாமல் விட்டுவிடும்.

கிண்ணியாவில் கடலுக்குப் போனவன் இறந்தால் அந்த மௌத்துச் செய்தியை மனைவிக்கு நேரே சொல்லமாட்டார்கள். அவள் வீட்டு ஆண் ஒருவருக்குச் சொல்ல, அவர் பெண்களையும் கூட்டிக்கொண்டு போய், அவளை இருத்திவைத்துத்தான் சொல்வார். றஊப் அதற்காகத்தான் அந்த வரியை வைத்திருந்தான்.

அடுத்த மாதம் காற்றில் கவிழ்ந்த படகில் சப்ரினாவின் தங்கை ஷிஃபானாவின் புருஷன் முனாஸ் இருந்தான். சங்கத்தில் அவன் மௌத்தைப் பதிந்தார்கள். ஆப் அதை நேரே ஷிஃபானாவின் போனுக்கு அனுப்பிவிட்டது.

சப்ரினா பஸ்ஸில் அழுதுகொண்டே போய்ச் சேர்ந்தபோது வீடு நிறையச் சனம். அடுத்த வீட்டிலேயே இருக்கும் அவர்களுடைய மூத்த சகோதரர் ஹஸன் நாநா வாசலில் நின்று தேம்பிக்கொண்டிருந்தார். குசினியிலிருந்து கேத்தல் கருகிய மணம் வந்தது.

ஷிஃபானா சப்ரினாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ராத்தா, மெசேஜ் சத்தம் கேட்டதும் அவர் கரைக்கு வந்திட்டார் எண்டு நினைச்சன். தேத்தண்ணிக்குத் தண்ணி வெச்சிட்டுத்தான் போனைப் பார்த்தனான். தனிய நிண்டனான் ராத்தா. ஹஸன் நாநாவுக்கு முதல்ல சொல்லச் சொல்லித்தானே எழுதிக் குடுத்தனாங்க? ஏன் ஒருத்தரும் வரல்ல?”

ஆப்பில் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? சப்ரினாவுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

“நான்தான் தங்கச்சி… பார்க்காம அதை வெட்டிப்போட்டன்.”

ஷிஃபானா ராத்தாவின் கைக்குள்ளிருந்த தன் கையை எடுத்துக்கொண்டு, மற்றப் பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளில் சாய்ந்துகொண்டாள்.