நிமிர்ந்து பார்க்கச் சொன்னார்கள்

எழுபத்தெட்டில், தைப்பூசம் முடிந்த வாரம், பாரிட் புந்தாரிலிருந்து இரண்டு டாக்சிகளில் வந்தவர்கள் புந்தோங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். என் அக்கா மங்களத்தைப் பெண் பார்க்க வந்த கூட்டம். நடுவில் மாப்பிள்ளை ஜெயபாலன். பேசும் பொறுப்பைத் தன் தாய்மாமன் சதாசிவத்திடம் விட்டுவிட்டு, கேசரி தின்பதை மட்டும் அவரே பார்த்துக்கொண்டார்.

அக்கா எல்லோருக்கும் காப்பி கொடுத்துவிட்டு வெறும் தட்டோடு நின்றாள். தலை நிமிரவே இல்லை.

“பாத்தீங்களா அடக்கத்த!” என்றார் சதாசிவம். “இப்ப பேக்டரிக்குப் போற பொண்ணுங்க நம்ம மூஞ்சியவே மொறைச்சுப் பாக்குதுங்க லா. இதுதான் பொண்ணு!”

அடக்கமாம். அக்கா யார் கண்ணையும் பார்க்கமாட்டாள். பெற்ற அம்மாவின் கண்ணைக்கூட. பார்த்தால் அடுப்புக்கு மிக அருகில் முகத்தை வைத்த மாதிரி இருக்கும், பேச்சு எதுவும் காதில் ஏறாது என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இதே குனிந்த தலைக்குத் திருட்டு முழி என்று பெயர், பிரம்படியும் கிடைத்தது. கூடத்தில் பாய் விரித்ததும் அது நற்குணமாகிவிட்டது.

ஆனாலும் அக்காவுக்கு இந்த இடம் வேண்டியிருந்தது. ஜெயபாலனுக்கு லூமுட்டில் வேலை. கடல் பக்கம் தனி வீடு. “அங்க யாரும் என் மூஞ்சியப் புடிச்சு நிமித்த மாட்டாங்க” என்று காலையில் புடவை கட்டும்போது சிரித்தாள்.

வடை தீர்ந்ததும் சதாசிவத்துக்கு வழக்கம் ஞாபகம் வந்தது.

“பொண்ணு மாப்பிள்ளைய ஒரு தடவ கண்ணுக்குக் கண்ணு பாக்கணும். எங்க பக்கம் அதுதான் சம்மதம். பாரும்மா.”

அக்கா ஜெயபாலனின் சட்டைப் பையைப் பார்த்தாள்.

“பையில என்ன இருக்கு? கண்ணப் பாரு.”

அக்கா நிமிர்ந்தாள். இமைகள் துடித்தன. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“மாறுகண்ணா இருக்குமோ?” என்றாள் வந்தவர்களில் ஒரு பெரியம்மா. “அதான் அப்பலேருந்து குனிஞ்சே நிக்கிது!”

சற்றுமுன் அடக்கத்தைக் கண்டுபிடித்த அதே சதாசிவம் எழுந்துவந்து, சந்தையில் மாட்டின் பல்லைப் பார்ப்பவர்போல அக்காவின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். “தொறம்மா. பாத்துத்தானே வாங்கணும்?”

“பாத்துடு மங்களம், ஒரு தடவதானே” என்று கெஞ்சினான் எங்கள் அண்ணன் பத்துமலை. ஜெயபாலன் கேசரித் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவரை யாரும் நிமிரச் சொல்லவும் இல்லை.

அக்கா பின்னால் நகர்ந்து அந்தக் கையிலிருந்து விடுபட்டாள். கண்ணைத் திறந்து, மறுபடியும் அந்தச் சட்டைப் பையைப் பார்த்தே, தெளிவாகச் சொன்னாள்:

“அண்ணே, காப்பி ஆறுது. குடிச்சிட்டுக் கெளம்புங்க.”



“மாப்பிள்ளையா வந்தவன அண்ணேங்கிறாளே!” பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “இனிமே எப்படி லா தாலி கட்டுறது?”

கடல் பக்கத்து வீடு அத்தோடு போயிற்று. சதாசிவம் கத்திக்கொண்டே செருப்பைத் தேடினார். ஜெயபாலன் மட்டும் தங்கை சொல்லைத் தட்டாத அண்ணனாக, காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.