களத்தில் ஆகாத சொல்

சனிக்கிழமை மாலைக்குள் நாணல்தீவை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்று இராணுவம் அறிவித்திருந்தது. அதன் பிறகு தீவில் எது அசைந்தாலும் சுடுவார்கள். எங்கள் நெல் வெள்ளிக்கிழமை காலையிலும் கதிராகத்தான் இருந்தது. வெட்டிய கதிரெல்லாம் களத்தருகே பெரிய போராக, எங்கள் பேச்சில் சூடாக, குவிந்து கிடந்தது. அகதி முகாமில் அடுத்த விளைச்சல் வரை மாமாவும் நானும் சாப்பிட அதை விட்டால் வேறு வழி கிடையாது.

மாமா என்றால் கோணாமலை, என் மனைவியின் தகப்பன். பூரணி போன வருசம் காய்ச்சலில் இறந்தாள். ஆஸ்பத்திரிக்குப் படகு விட அனுமதி கிடைத்தது மறுநாள். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நான் அவர் வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

உழவு இயந்திரத்துக்கு டீசல் கிடையாது. எருமைகளைப் பிணைத்துக் கதிரை மிதிக்க வைத்தோம். வழக்கமாக அது இரவு வேலை. ஊரடங்கு வந்ததால் பகலில் செய்ய மாமா சம்மதித்தார். வேறு எதையும் மாற்ற அவர் சம்மதிக்கவில்லை.

களத்துக்கு அவரிடம் தனிப் பேச்சு இருந்தது. அங்கே நெல்லை நெல் என்று சொல்லக் கூடாது. பொலி என்றுதான் சொல்ல வேண்டும். பெயரைக் கேட்டால் பூதங்கள் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். ‘இல்லை’ என்ற சொல் அதைவிட ஆகாதது. அதைச் சொன்னால் இருப்பதும் இல்லாமல் போகுமாம். தண்ணீர்க் குடம் காலியானால் “குடம் நிறைஞ்சிற்று” என்பார். அதை நம்பி ஒருமுறை தாகத்தோடு போய் வெறும் குடத்தைச் சாய்த்திருக்கிறேன்.

எருமைகளை நடத்துவதும் அதே பேச்சில்தான்.

“பொலி! பொலியோ பொலி!”

வாவியைத் தாண்டிக் கேட்கும் குரல் அது.

“மாமா, மெல்லமாச் சொல்லுங்க. அக்கரையில ஆமி நிக்கிறான்.”

“நிக்கட்டும். அவனையா நான் கூப்பிடுறன்?”

“அவனுக்குப் பொலியும் ஒண்டுதான், புலியும் ஒண்டுதான்.”

வைக்கோலை உதறிக்கொண்டிருந்த நல்லரத்தினம் சிரித்தான். பூரணியின் பெரியம்மா மகன் அவன்.

“மச்சான் கெம்பசில படிச்ச ஆள், சித்தப்பா. பூதத்துக்குப் பயப்படமாட்டார். ஆமிக்குத்தான் பயப்படுவார்.”

“ரெண்டும் வந்தா அள்ளிக்கொண்டுதான் போகும்,” என்றார் மாமா. மறுபடி கூவினார்.

மத்தியானம் படகு வந்தது. துப்பாக்கிகளோடு சிப்பாய்கள். முன்னால் வந்த அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். சப்பாத்தோடு களத்துக்குள் நடந்து வந்தான். பின்னால் வந்த வயதான சிப்பாய் ஒருவன் மட்டும் களத்து ஓரத்தில் நின்று சப்பாத்தைக் கழற்றினான்.

“புலி எங்கே?” அதிகாரி தமிழில் கேட்டான். “நீ கூப்பிட்டது. புலி, புலி. நாங்கள் கேட்டது.”

நான் பேராதனையில் படித்தபோது பழகிய சிங்களத்தில் விளக்கினேன். அது மாடு நடத்தும் சொல், பெருகட்டும் என்று பொருள், பொலி, புலி அல்ல என்றேன்.

சிங்களத்தில் பொலி என்றால் வட்டி. “எருமைக்கு வட்டி கொடுக்கிறீர்களா?” என்றான் அதிகாரி. சிப்பாய்கள் சிரித்தார்கள். சப்பாத்தைக் கழற்றியவன் மட்டும் தங்கள் ஊர்க் களத்திலும் இப்படி ஒரு பேச்சு இருப்பதாக மெல்லச் சொன்னான். அதிகாரி அவனைச் சப்பாத்தைப் போடச் சொன்னான்.

பிறகு துப்பாக்கி முனையால் மணிகளைக் கிளறி மாமாவைப் பார்த்தான்.

“இது என்ன? பேர் சொல்லு.”

“பொலி.”

கன்னத்தில் அறைந்தான்.

“நெல்லெண்டு சொல்லுங்க மாமா,” என்றேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“தீவில் புலி இருக்கா, இல்லையா?”

மாமா வாயைத் திறந்தார். மூடினார். அவர் தேடிய சொல் எது என்று எனக்குத் தெரிந்தது. அது வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். ஆனால் அதையே சொன்னார்.

“எல்லாம் நிறைவு, ஐயா.”

“நிறைய?” அதிகாரியின் முகம் மாறியது. “நிறைய இருக்கா? எங்கே?”

இரண்டு பேர் மாமாவை மண்டியிட வைத்து, எருமைக் கயிற்றை எடுத்து அவர் கைகளைப் பின்னால் கட்டத் தொடங்கினார்கள். அப்படிக் கட்டிப் படகில் ஏற்றப்பட்டவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

“இல்லை,” என்றேன். “புலி இல்லை. ஒருத்தரும் இல்லை. இங்கே ஒண்டும் இல்லை.”

தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. தமிழில் சொன்னேன், சிங்களத்தில் சொன்னேன். கத்தினேன். அதிகாரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பைத்தியம் என்று நினைத்திருக்கலாம். கடைசியில் கயிற்றை அவிழ்க்கச் சொன்னான்.

“இனி அந்தச் சத்தம் கேட்டால் சுடுவது,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாமா எழுந்து முழங்காலைத் தட்டினார். நேரே போய் எருமைகளின் பிணையலை அவிழ்த்தார்.

“மாமா, நாளைப் பின்னேரம் வரைக்கும் நேரம் இரிக்கு.”

“என்னத்துக்கு?”

“மிச்சத்த அடிக்க.”

“அது உங்கட நெல்லு, மருமகன். நீங்க அடிங்க.”

நெல்லு என்றார். களத்தின் நடுவில் நின்றுகொண்டு.

“உங்களக் கொண்டுபோயிருப்பானுகள், மாமா.”

“ஓம். நான் போயிருப்பன். பொலி கிடந்திருக்கும்.”

“கிடந்து? ஆர் தின்னுற?”

அவர் படகடிக்குப் போய்விட்டார்.

நான் எருமைகளை மறுபடி பிணைத்தேன். கயிற்றை இழுத்தேன், கை தட்டினேன், வாலை முறுக்கினேன். அசையவில்லை.

“அதுகளுக்கு ஒரு சொல்லுத்தான் தெரியும், மச்சான்,” என்றான் நல்லரத்தினம்.

அக்கரைக் காவலரணில் ஒருவன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. எருமையின் முதுகில் தடி முறியும்வரை அடித்தேன். அப்போதும் அது நின்றது.

பிறகு ஒரு மரக்கட்டையைப் போட்டு, கதிரைப் பிடிபிடியாக அதில் அடித்தேன். நல்லரத்தினம் கொஞ்ச நேரம் உதவிவிட்டுத் தன் சாமான்களைக் கட்டப் போனான். சனிக்கிழமை மாலை என் உள்ளங்கைகள் கிழிந்திருந்தன. இரண்டு சாக்கு நிறைந்தது. சூட்டின் பெரும்பகுதி தொடாமலே நின்றது.

சாக்குகளைப் படகில் ஏற்றியதும், அதில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த மாமா எழுந்து மறுமுனைக்குப் போய் உட்கார்ந்தார்.

“இந்தப் பக்கம் வாங்க மாமா. தோணி சரியுது.”

அவர் வரவில்லை. நான் சாக்குகளை நடுவுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, படகு தள்ளும் தாங்குகம்பை ஊன்றினேன்.