முகேஷுக்குக் கொடுத்த காக்கா வேஷம்

பத்ரிநாத் பிரின்சிபாலாக வந்த பிறகு காக்ஸ் டவுன் பள்ளிக்கூடத்துக்கு மதிப்பு கூடிவிட்டதாம். இதை ஊரில் சொல்லித் திரிகிற ஒரே ஆள் பத்ரிநாத்தான். இந்த வருஷம் அவர் கொண்டுவந்தது 'வாழ்க்கைத் திறன்' பீரியட். கணக்கு கிடையாது, எழுத்து கிடையாது. திரையில் ஒரு கார்ட்டூன் அணில் வரும். பசித்த காக்காவுக்குப் பழத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு, இருக்கிறவர்கள் இல்லாதவர்களுக்குத் தர வேண்டும் என்று இடுப்பை ஆட்டிப் பாடும். பிள்ளைகளும் கூடவே ஆட வேண்டும். அவ்வளவுதான், நல்ல குணம் வந்து ஒட்டிக்கொள்ளும்!

சனிக்கிழமை பெற்றோர் முன்னால் இதைச் செய்து காட்ட ஏற்பாடு. பிள்ளைகளின் இரக்கம் தானாகப் பொங்க வேண்டுமே, அதற்கு வியாழக்கிழமையே ஒத்திகை.

"கார்ட்டூன் முடிஞ்சதும், யாரு டிபன் கொண்டு வரலன்னு கேளுங்க மிஸ். முகேஷ் கை தூக்கட்டும். கிருத்திகா ஓடிவந்து கேக்ல பாதி குடுக்கட்டும். நேச்சுரலா இருக்கணும்," என்றார் பத்ரிநாத்.

இரண்டாம் வகுப்பு டீச்சர் ஸ்ரீலக்ஷ்மிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முகேஷ் தினமும் டிபன் கொண்டு வர்றான் சார்."

"அன்னிக்கு மட்டும் வேணாம்னு சொல்லுங்க. கோட்டால வந்த பையன்தானே, பார்க்கறவங்க மனசுல பதியும்."

முகேஷின் அப்பா ஜெயராமன் ஆட்டோ ஓட்டுகிறவர். பிள்ளை ஃபீஸ் கட்டாமல் ஒதுக்கீட்டில் படிக்கிறான். அந்தக் குற்றத்துக்காக அவன் எல்லோர் முன்னாலும் சோறில்லாதவனாக நிற்க வேண்டும். "சரி சார்" என்றுவிட்டாள் ஸ்ரீலக்ஷ்மி. அவள் வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. ஆகிற வரைக்கும் மானம் ரோஷம் எல்லாம் வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டியதுதான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் கேட்டில் முகேஷின் அம்மா ரூபினியிடம் விஷயத்தைச் சொன்னாள். ரூபினியின் முகம் சுண்டிவிட்டது.

"எம் புள்ளைக்கு நான் சோறு கட்டித் தரலையா மிஸ்?"

"தர்றீங்க. நல்லாவே தர்றீங்க."

"அப்புறம் என்னாத்துக்கு இந்த டிராமா?"



சனிக்கிழமை வகுப்பு நிறையப் பெற்றோர். கிருத்திகாவின் அம்மா நிருபமா கொண்டுவந்த கேக்கில் வாசலிலேயே இரண்டு துண்டு உள்ளே தள்ளிவிட்டு, மீசையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார் பத்ரிநாத். அணில் ஆடியது, பிள்ளைகள் ஆடினார்கள், பெற்றோர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

"யாரு டிபன் கொண்டு வரல?" என்று கேட்டாள் ஸ்ரீலக்ஷ்மி. குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

முகேஷ் கை தூக்கவில்லை. பையிலிருந்து பெரிய டப்பாவாக ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான். சித்ரான்னமும் வடையும் வகுப்பு முழுக்க மணத்தன. கேக்கும் கையுமாக எழுந்த கிருத்திகா யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றாள். பத்ரிநாத் கண்ணைக் காட்டினார், தொண்டையைச் செருமினார். முகேஷ் அவரையே பார்த்தான்.

"சார், நீங்க டிபன் கொண்டு வந்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். "இல்லப்பா," என்று அவரும் சிரித்துத் தொலைத்தார்.

முகேஷ் டப்பா மூடியில் சாதத்தை அள்ளி வைத்து, மேலே ஒரு வடையும் வைத்து, அவர் முன்னால் கொண்டுபோய் நீட்டினான். "அம்மா நெறைய கட்டிக் குடுத்தாங்க சார். எடுத்துக்கோங்க."

எல்லா செல்போனும் அந்தப் பக்கம் திரும்பின. பத்ரிநாத் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "வெரி குட்! ஆனா சார் இன்னிக்கு விரதம்பா. சனிக்கிழமை ஒண்ணும் சாப்பிட மாட்டேன்."

"இப்பதானே சார் எங்க கேக்கைச் சாப்டீங்க?" என்றாள் கிருத்திகா.

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ரூபினி தலையைக் குனிந்துகொண்டாள். நீட்டிய மூடியோடு பிள்ளை அப்படியே நின்றான். அவனுக்குக் கை வலித்திருக்கும்.

"கார்ட்டூன்ல காக்கா வாங்கிச் சாப்பிட்டுச்சே மிஸ். சார் ஏன் சாப்பிட மாட்டேங்கறாரு?" என்று கேட்டான் முகேஷ்.

ஸ்ரீலக்ஷ்மி பத்ரிநாத்தைப் பார்த்தாள். வேலை போனால் போகட்டும், சனியன்.

"எனக்குத் தெரியாது கண்ணு," என்றாள். "சாரையே கேளு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி, சத்தமா கேளு."